பேசிக்கொண்டே ஓடும் வேகம்



பன்னிரண்டு வயது வரைக்கும் எங்கள் தெருவில் என்னை ஓடி முந்தியவர் கிடையாது. அதற்குப் பிறகு நான் ஓடவில்லை. காலில் அடிபடவில்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. வயதுக்கு வந்துவிட்டேன், அவ்வளவுதான். பள்ளி விளையாட்டு விழாவுக்கு 100 மீட்டர் ஓட்டத்தில் பெயர் கொடுத்திருந்தேன். என் பெயரை எடுத்துவிடும்படி அம்மா டீச்சருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை நானேதான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுபடி ஓடியது இருபத்தைந்து வருடம் கழித்து, அமெரிக்காவில், வட கரோலினாவின் சார்லட் நகரத்தில். என் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். பள்ளி விட்டபின் சிறுமிகளுக்கு ஓட்டப் பயிற்சி தர அம்மாக்கள் யாராவது வர முடியுமா என்று ஒரு கடிதம் வந்தது. ஓடத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று அதிலே எழுதியிருந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் போனேன்.

‘கேர்ள்ஸ் ஆன் தி ரன்’ என்பது அந்தத் திட்டத்தின் பெயர். 1996ஆம் ஆண்டு அதே சார்லட் நகரத்தில் மோலி பார்க்கர் என்ற பெண்மணி 13 சிறுமிகளோடு தொடங்கியது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் முடிக்கும் கடும் போட்டிகளில் கலந்துகொண்டவர் அவர். ஆனால் இளம் வயதில், ஒரு பெண் இப்படி இருந்தால்தான் மதிப்பு என்று ஊர் வகுத்த அளவுக்குள் தன்னை அடைத்துக்கொள்ளப் பார்த்து, குடிப்பழக்கத்தில் விழுந்து மீண்டவர். அதை அவர் மறைத்ததில்லை. பத்து வயதையொட்டிப் பெண் குழந்தைகளை ஒரு பெட்டிக்குள் இறக்கி மூடிவிடுகிறோம் என்பது அவர் கருத்து. மூடுவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும் என்று எட்டு வயதிலிருந்தே பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார். இன்று வரை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுமிகள் இந்தத் திட்டத்தில் ஓடியிருக்கிறார்கள். கூட ஓடுகிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போலச் சம்பளமில்லாமல் வந்தவர்கள்தான்.

வாரத்தில் இரண்டு மாலை. முதலில் வட்டமாக உட்கார்ந்து பேச்சு. தோழியோடு சண்டை வந்தால் என்ன செய்வது, யாராவது கேலி செய்தால் எப்படிப் பதில் சொல்வது, மனசுக்குள்ளே நம்மைப் பற்றி நாமே என்ன சொல்லிக்கொள்கிறோம் என்று ஒவ்வொரு நாளும் ஒரு விஷயம். பிறகு ஒரு விளையாட்டு. அதன் பிறகு மைதானத்தைச் சுற்றி ஓட்டம். சுற்றுக்கு ஒரு ரப்பர் பேண்ட் கொடுப்போம், மணிக்கட்டில் மாட்டிக்கொள்வார்கள். பத்து வாரம் போல இப்படிப் பழகி, கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் கிடையாது.

என் குழுவில் ஒரு சிறுமி. சுற்றுக்கு ஒரு தடவை உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டுவாள். நான் கிட்டே போய், “எழுந்திரு, வேகமா ஓடு, உன்னால் முடியும்” என்று கைதட்டிக் கத்துவேன். உற்சாகப்படுத்துகிறேன் என்று எனக்கு நினைப்பு. அவள் முகம் சிவந்துவிடும். அடுத்த சுற்றிலும் லேஸ். மூன்றாம் வாரம்தான் கவனித்தேன், முடிச்சு அவிழவே இல்லை. இறுகிக் கிடந்த முடிச்சை அவளே அவிழ்த்து அவளே கட்டிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்குகிறது என்று சொல்ல வெட்கப்பட்டு ஒன்பது வயதுப் பிள்ளை கண்டுபிடித்த வழி அது.

எனக்கு முன்பே பல வருடம் கோச்சாக இருந்த ஒரு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “கைதட்டாதே, பக்கத்தில் ஓடு. உன்னோடு பேசிக்கொண்டே வர முடிகிறதா என்று பார். எந்த வேகத்தில் பேச முடிகிறதோ அதுதான் அவள் வேகம்” என்றார்.

அன்றைக்கு அவள் பக்கத்தில் போனேன். அது ஓட்டம்கூட இல்லை, கொஞ்சம் விரைந்த நடை. முதல் சுற்றில் அவள் வீட்டு நாயைப் பற்றிச் சொன்னாள். இரண்டாவது சுற்றில் பேச்சில்லை. மூன்றாவது சுற்றில், சாப்பாட்டு மேசையில் ஒரு பெண் தன்னைப் பார்த்து, “நீ எங்கள் குழுவில் இருந்தால் நாங்கள் தோற்றுவிடுவோம்” என்று சொன்னதைச் சொன்னாள். ஓடும்போதெல்லாம் அந்த வாக்கியம்தான் காதில் கேட்கிறதாம். அன்றைக்கு அவள் கையில் ஆறு ரப்பர் பேண்ட் சேர்ந்தது. அதுவரை மூன்றைத் தாண்டியதில்லை.

பக்கத்தில் ஒருவர் ஓடுவது என்றால் என்ன என்று யோசிக்கும்போது எனக்கு ஆர்னி பிரிக்ஸ் என்ற தபால்காரர் நினைவுக்கு வருகிறார். அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. அப்போது வயது ஐம்பது. பாஸ்டன் மாரத்தானை 15 தடவை ஓடியவர். கேத்ரின் ஸ்விட்சர் என்ற மாணவி ஓடப் பழகியபோது, யாரும் கேட்காமலே கூட ஓட வந்தார். பனிக்கால மாலைகளில் பழைய மாரத்தான் கதைகளைச் சொல்லிக்கொண்டே அவளை ஓடவைத்தார். ஆனால் பெண்ணால் மாரத்தான் ஓட முடியாது என்றுதான் அவரும் நம்பினார். பயிற்சியில் ஓடிக் காட்டு, நானே அழைத்துப் போகிறேன் என்றார். மாரத்தான் தூரம் 26 மைல் சொச்சம். அவள் 31 மைல் ஓடிக் காட்டினாள். அவர் சொன்ன சொல் தவறவில்லை. 1967இல் 261ஆம் எண்ணைக் குத்திக்கொண்டு அவள் பாஸ்டனில் ஓடியபோது, போட்டி அதிகாரி ஒருவர் பாய்ந்து வந்து அந்த எண்ணைப் பிய்த்தெறியப் பார்த்தார். அவள் நிற்காமல் ஓடி முடித்தாள். அன்றும் பிரிக்ஸ் கூடவே ஓடினார். பாஸ்டனில் பெண்கள் முறைப்படி ஓட 1972 வரையும், ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வர 1984 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. அதிகாரி பாய்ந்து வந்த அந்தக் கணத்தின் புகைப்படத்தில் உலகம் பார்ப்பது ஸ்விட்சரை. நான் ஒவ்வொரு முறையும் அந்தத் தபால்காரரைத் தேடிப் பார்க்கிறேன். தான் நம்பியது தப்பு என்று தெரிந்ததும் மாற்றிக்கொண்டாரே, அந்த மனசு பெரிது.

ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் நடந்த காலையில் லேஸ் கட்டும் அந்தச் சிறுமி ஒரு இடத்திலும் உட்காரவில்லை. பாதி ஓடினாள், பாதி நடந்தாள், முழுக்கப் பேசினாள். முக்கால்வாசிப் பேர் முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது நாங்கள் போய்ச் சேர்ந்தோம். அவள் அப்பா முடிவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் முட்டி போட்டுக் கை நீட்டிக் காத்திருந்தார்.

இரவு அம்மாவுக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். “பொட்டப்புள்ளைகளுக்கு ஓடச் சொல்லிக்குடுக்கவா அவ்வளவு தூரம் போனே?” என்று ஆரம்பத்தில் கேட்டவர்தான். அன்றைக்குக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நீயும் நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்தே. நாந்தான் நிறுத்திப்புட்டேன்” என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரை யார் நிறுத்தினார்களோ.

இப்போது ஊருக்கே திரும்பி வந்துவிட்டோம். பக்கத்துப் பள்ளியில் ஆறாவது, ஏழாவது படிக்கும் பதினான்கு பெண்களோடு வாரம் இரண்டு மாலை ஓடுகிறேன். முதல் நாள் பெரிய பிரச்சினை, துப்பட்டாவை எங்கே வைப்பது என்பதுதான். மைதானத்து வேப்பமரக் கிளையில் கட்டிவைத்தார்கள். அந்தப் பதினான்கு துப்பட்டாவும் காற்றில் ஆடியதை இன்னும் மறக்க முடியவில்லை. பாதிப் பேர் வெறுங்காலோடு ஓடுகிறார்கள். ரப்பர் பேண்ட் மட்டும் சார்லட்டில் கொடுத்தது போலவே.

நேயர்களே, உங்கள் ஊர்ப் பள்ளி மைதானமும் மாலை ஐந்து மணிக்குக் காலியாகத்தான் கிடக்கும். தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். பெற்றோர்களிடம் பேசிக் கையெழுத்து வாங்குங்கள். துணைக்கு இன்னொரு பெண்மணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் கழிப்பறை அந்த நேரத்தில் திறந்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று முதலில் பாருங்கள். அது பூட்டியிருந்தால் பாதிப் பெண்கள் வரமாட்டார்கள். ஓடத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். கடைசியாக வரும் குழந்தையோடு பேசிக்கொண்டு நடக்கத் தெரிந்தால் போதும், இந்த வாரமே போய்க் கேளுங்கள்.