நிய்யத் மட்டும் போதுமா?

"நல்ல எண்ணத்தில்தானே செய்தேன்!" இந்தச் சொல்லை நாம் எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! கேட்பதென்ன, நாமே எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் ஹதீஸ் தொகுப்பை நிய்யத் பற்றிய நபிமொழியைக் கொண்டே தொடங்கியிருக்கிறார்கள். நிய்யத்தின் மதிப்பை மறுப்பவர் நம்மில் யார்? ஆனால் எண்ணம் நேராக இருந்தும், செயல் போய்த் தைக்கும் இடம் ஒவ்வொரு முறையும் தவறாகவே இருந்துவிட்டால்? இதைச் சிந்திக்கும்போதெல்லாம், என்ன காரணமோ, கிதாபுகளுக்கு முன்னால் ஒரு துப்பாக்கிதான் நம் நினைவுக்கு வருகிறது.

கல்லூரி நாட்களில் என்.சி.சி. முகாமொன்றில் பாயிண்ட் 22 ரைபிள் சுடக் கற்றுக் கொடுத்தார்கள். தரையில் குப்புறப் படுத்து, 25 மீட்டர் தொலைவிலிருந்த இலக்குத் தாளை நோக்கி ஐந்து குண்டுகள் சுட்டோம். எழுந்து போய்ப் பார்த்தால் நடுவட்டத்தில் ஒன்றுகூட இல்லை. ஐந்தும் இடப்பக்கம் தள்ளி, ஒரு நாணயத்தால் மூடிவிடக்கூடிய இடத்தில் நெருங்கிக் கிடந்தன. நமக்கோ வெட்கம் தாங்கவில்லை. பக்கத்தில் சுட்ட தோழருக்கு ஒரு குண்டு நடுவிலேயே விழுந்திருந்தது. மற்ற நான்கும் தாளெங்கும் சிதறியிருந்தன. பயிற்சியளித்த ஹவில்தார் இரண்டு தாள்களையும் பார்த்தார். தோழரிடம், "துப்பாக்கியில் குறையில்லை, நீ மூச்சை அடக்கப் பழகு" என்றார். நம்மிடம், "உன் கையில் குறையில்லை, இதன் சைட்தான் விலகியிருக்கிறது" என்றார்.

துப்பாக்கி பழகாதவர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். குழலின் நுனியில் ஒரு சிறு முள் நிற்கும். கண்ணுக்கு அருகே ஒரு துளை இருக்கும். துளை வழியே பார்த்து, முள்ளின் உச்சியை இலக்கோடு பொருத்திச் சுட வேண்டும். இரண்டுக்கும் இடையே அரை மீட்டர் என்று வைத்துக் கொள்வோம். முள் தன் இடத்திலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகிவிட்டால், குண்டு 25 மீட்டரில் 5 சென்டிமீட்டர் விலகிப் போகும். 100 மீட்டரில் 20 சென்டிமீட்டர். அச்சம் தருவது இந்தக் கணக்கு அல்ல. சுடுகிறவனுக்கு அந்த விலகல் தெரியவே தெரியாது என்பதுதான். அவன் கண்ணுக்குத் துளையும் முள்ளும் இலக்கும் ஒரே கோட்டில்தான் நிற்கின்றன. எத்தனை கவனமாகப் பார்த்தாலும் அப்படித்தான் நிற்கும். தாள் ஒன்றுதான் அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

திருத்தும் முறையும் விசித்திரமானது. குண்டு இடப்பக்கம் போகிறதென்றால் முள்ளை வலப்பக்கம் தள்ளத்தான் கை துடிக்கும். அது தவறு. குண்டு போன பக்கமே, இடப்பக்கமே, முள்ளை நகர்த்த வேண்டும். அதன்பின் அதை இலக்கோடு பொருத்தும்போது குழல் தானாக வலப்பக்கம் திரும்பும். அதுவும் ஒரு குண்டைப் பார்த்து முடிவு செய்யலாகாது. ஒன்று கை நடுக்கத்தால் போயிருக்கலாம், காற்றால் போயிருக்கலாம். ஒவ்வொரு குண்டுக்கும் முள்ளை நகர்த்துகிறவன் விடியும்வரை நகர்த்திக் கொண்டேதான் இருப்பான். மூன்றோ ஐந்தோ ஒரே இடத்தில் விழுந்தால் அது தற்செயல் அல்ல.

நமக்கு வேண்டிய பெரியவர் ஒருவர் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். ஐவேளையும் ஜமாஅத்தோடு தொழுகிறவர். ஜகாத்தைக் காசு கணக்காகப் பார்த்துக் கொடுக்கிறவர். மூத்த மகளின் படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தி நிகாஹ் செய்து வைத்தார். அவள் இன்றும் தாய்வீடு வந்தால் ஒரு நாளுக்கு மேல் தங்குவதில்லை. நடு மகனைக் கடையில் உட்கார வைத்தார். ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவனுக்கும் வாப்பாவுக்கும் பேச்சில்லை. இளையவன் துபாயிலிருந்து உம்மாவுக்கு மட்டும் போன் செய்கிறான். பெரியவரிடம் மூன்றுக்கும் மூன்று காரணங்கள் இருந்தன: மகள் பிடிவாதக்காரி, நடுவிலுள்ளவனுக்குச் சேர்க்கை சரியில்லை, இளையவனுக்குக் காலக் கோளாறு.

பல ஆண்டு நட்பு, சொல்லத் தயங்கினோம். பிறகு சொல்லிவிட்டோம்: "மூவரும் சொல்வது ஒரே குறைதானே பாய்? 'வாப்பா எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை' என்பதுதானே?" அவர் முகம் சிவந்துவிட்டது. "அவர்கள் நன்மையைத்தானே நாடினேன்!" என்றார். நாடினார், அதில் நமக்கு அணுவளவும் ஐயமில்லை. அதனால்தான் அவரால் அதைக் காண முடியவில்லை.

அப்படியானால் நிய்யத்துக்கு வேலையே இல்லையா என்று யாரும் கேட்க வேண்டாம். 2004-ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மாத்யூ எம்மன்ஸ் என்ற அமெரிக்க வீரர் 50 மீட்டர் ரைபிள் போட்டியில், கடைசிக் குண்டு மட்டும் மீதமிருக்க, முதலிடத்தில் நின்றார். சைட் சரி, கை சரி, குண்டு போய்ப் பாய்ந்த இடமும் சரி. ஆனால் அது பக்கத்து வீரரின் இலக்கு! அந்தக் குண்டுக்குக் கிடைத்தது பூஜ்யம். தங்கம் கைநழுவி எட்டாமிடம் போனார். எதை நாடுகிறோம் என்பதும் வேண்டும், எங்கே படுகிறது என்பதும் வேண்டும்.

ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு செய்தி வருகிறது. உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் தள்ளாத வயதிலும் இரண்டு இலக்குகளுக்கிடையே மாறி மாறிச் சென்று அம்பெய்து பழகி வந்தார்கள். இந்த முதுமையில் இது சிரமமாயிற்றே என்று ஒருவர் கேட்க, கற்ற வில்வித்தையைக் கைவிடுவதை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததை எடுத்துச் சொன்னார்கள். மார்க்க அறிஞர்கள் இதிலிருந்து எடுக்கும் சட்டங்கள் ஒரு புறமிருக்க, நம் மனத்தை விட்டு அகலாதது அந்த நடைதான். எய்த அம்பு எங்கே தைத்தது என்று காண, முதியவர் ஒருவர் இலக்குவரை நடந்து போகிறார். நம்மில் எத்தனை பேர் அப்படி நடக்கிறோம்? இதை எழுதும் நாம், நம் வீட்டார் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எத்தனை ஆண்டுகளாயின என்று எண்ணிப் பார்த்தோம். எண்ணிக்கையை இங்கே எழுத மனம் வரவில்லை.

சென்ற வாரம் அந்தப் பெரியவர் வந்திருந்தார். மகள் வீட்டுக்குப் போக பஸ் டிக்கெட் எடுத்துவிட்டாராம். என்ன பேசுவது என்று கேட்டார். ஒன்றும் பேச வேண்டாம், அவள் பேசுவதைக் கேளுங்கள் என்றோம். "பழையதெல்லாம் எடுப்பாளே" என்றார். எடுக்கட்டும் என்றோம். சற்று நேரம் தரையையே பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, பேரனுக்கு என்ன வாங்கிப் போகலாம் என்று கேட்டார்.