ஆதரவற்றோர் பட்டியலில் நம் அத்தாவும் அம்மாவும்

அல்ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலிஹில் கரீம். அம்மா பஃது.

  

இன்றைய ஜும்ஆவில் நம் வீடுகளுக்குள் இருக்கிற, ஆனால் மிம்பரில் அதிகம் பேசப்படாத ஒரு மஸ்அலாவை எடுத்துக்கொள்வோம். வயதான தாய் தந்தையர் அரசிடம் முதியோர் உதவித்தொகை வாங்கி வருகிறார்கள். வாங்கத் தொடங்கியபோது உண்மையிலேயே கஷ்டம். சில வருடங்களில் நிலைமை மாறுகிறது. மகன் வளைகுடா போகிறான், அல்லது கோவையில் நல்ல வேலை கிடைக்கிறது. வீடு மாடியாகிறது. ஆனால் மாற்றத்தை யாரும் தாலுகா அலுவலகத்தில் சொல்லவில்லை. பணம் மாதாமாதம் வந்துகொண்டே இருக்கிறது. ஒருநாள் விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வருகிறது. எழுபது வயது அத்தா அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்குகிறார்.

அப்போது கேட்கப்படும் கேள்வி இது: "நாங்கள் பொய் சொல்லி வாங்கவில்லையே. பிறகு நிலைமை மாறியது, யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது திருட்டா?"

இதற்கு ஒரே வார்த்தையில் ஆம், இல்லை என்று சொல்லிவிட முடியாது. மார்க்கம் என்ன சொல்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது யாருடைய பணம்?

உமர் (ரழி) அவர்களின் ஆட்சியில் நடந்த ஒரு சம்பவத்தை இமாம் அபூயூசுஃப் (ரஹ்) தமது கிதாபுல் கராஜில் பதிவு செய்திருக்கிறார்கள். பார்வை இழந்த ஒரு யூத முதியவர் வாசலில் நின்று யாசிப்பதை கலீஃபா கண்டார்கள். அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். பிறகு பைத்துல்மால் பொறுப்பாளருக்குச் சொல்லி அவருக்கு நிதி ஏற்பாடு செய்து, ஜிஸ்யா வரியையும் நீக்கினார்கள். இளமையில் அவரிடம் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியல்ல என்பது அவர்களின் நிலைப்பாடு. ஆகவே வயதானவர் அரசு நிதியிலிருந்து உதவி பெறுவதில் கேவலம் எதுவும் இல்லை. தகுதியுள்ளவருக்கு அது உரிமை.

நம் தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2011-இல் 1,000 ஆனது. 2023 ஆகஸ்ட் முதல் 1,200. மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 80 வயதுக்குக் கீழ் 200 ரூபாய், 80-ஐத் தாண்டினால் 500 ரூபாய். மீதியை மாநிலம் தருகிறது. இந்த மாநிலத்துக்கு இத்தனை பேர் என்று மத்திய அரசு உச்சவரம்பும் வைத்திருக்கிறது.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? நம் கிணத்துக்கடவு தக்காளி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர் வாங்கும் சோப்பிலும் வரி இருக்கிறது. அவர் வியர்வையும் அந்த 1,200-க்குள் இருக்கிறது. அரசாங்கப் பணம்தானே என்று சொல்கிறோம். அது யாருக்கும் சொந்தமில்லாத பணம் அல்ல, எல்லோருக்கும் சொந்தமான பணம். ஒரு தனி மனிதரிடம் எடுத்ததற்கு அவர் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டால் போதும். பொதுப் பணத்தில் கை வைத்தால் எத்தனை பேரிடம் கேட்பது?

தொகை சின்னதுதானே என்றும் சொல்லக் கூடாது. கைபர் போரிலிருந்து திரும்பும் வழியில் மித்அம் என்ற ஊழியர் அம்பு பட்டு இறந்தார். மக்கள் அவருக்கு ஷஹாதத் கிடைத்துவிட்டதாக வாழ்த்தினார்கள். அருமை நாயகம் (ஸல்) அவர்களோ, பங்கிடப்படுவதற்கு முன் அவர் எடுத்துக்கொண்ட ஒரு போர்வை அவர்மீது நெருப்பாக எரிவதாகச் சொன்னார்கள். அதைக் கேட்ட ஒருவர் செருப்பு வாரைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிற செய்தி இது. செருப்பு வாருக்கே கணக்கு உண்டென்றால், வருடத்துக்கு 14,400 ரூபாய்க்குக் கணக்கு இல்லாமல் போகுமா?

அனுமதிக்கு எல்லை உண்டு

கபீஸா (ரழி) என்ற ஸஹாபி ஒரு பொறுப்புக் கடனை ஏற்றுக்கொண்டு உதவி கேட்டு வந்தார்கள். அப்போது நபியவர்கள் மூன்று பேருக்கு மட்டுமே கேட்பது ஆகும் என்று விளக்கினார்கள். முதலாமவர் பிறருக்காகக் கடன் பொறுப்பேற்றவர். அது தீரும்வரை கேட்கலாம், பிறகு நிறுத்திக்கொள்ள வேண்டும். இரண்டாமவர் பேரிடரில் பொருளை இழந்தவர். வாழ்க்கைக்குப் போதுமானது கிடைக்கும்வரை கேட்கலாம். மூன்றாமவர் வறுமைக்கு ஆளானவர். அவர் ஊரில் விவரமுள்ள மூன்று பேர் அவர் வறுமைக்குச் சாட்சி சொல்ல வேண்டும். அவருக்கும் போதுமானது கிடைக்கும்வரைதான். இதற்கு வெளியே வாங்கி உண்பது ஹராம் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீஸ்.

சகோதரர்களே, இதில் திரும்பத் திரும்ப வரும் சொல்லைக் கவனியுங்கள்: 'கிடைக்கும்வரை'. அனுமதி தேவையோடு சேர்ந்தே பிறக்கிறது, தேவையோடு சேர்ந்தே முடிகிறது. அதிகாரி வந்து கண்டுபிடிக்கும் நாளில் அல்ல, தேவை தீர்ந்த நாளிலேயே அது முடிந்துவிடுகிறது. விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்தது ஒருநாள் சாட்சியம் அல்ல. பணம் வரும் ஒவ்வொரு மாதமும் அந்தச் சாட்சியம் நம் பெயரில் புதுப்பிக்கப்படுகிறது. நிலைமை மாறியதை அறிந்துகொண்டே மௌனமாக இருந்தால், வாய் பேசாவிட்டாலும் அந்தக் காகிதம் பொய் பேசிக்கொண்டே இருக்கிறது.

அபூபக்ர் (ரழி) அவர்களைப் பாருங்கள். கலீஃபாவான பிறகு பைத்துல்மாலிலிருந்து அவர்களுக்குச் செலவுத்தொகை ஒதுக்கப்பட்டது. ஹலாலான ஊதியம். ஆனாலும் மரணப் படுக்கையில், பதவிக்கு வந்த பிறகு தம் பொருளில் என்ன கூடியிருக்கிறதோ அதைப் பார்த்து அடுத்த கலீஃபாவிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். வந்து சேர்ந்ததைக் கண்டு உமர் (ரழி) அழுதார்கள். தமக்குப் பின் வருபவர்களுக்கு அவர் கடினமான முன்மாதிரியை வைத்துவிட்டுப் போய்விட்டார் என்றார்கள். யாரும் கேட்கவில்லை, விசாரணை இல்லை, நோட்டீஸ் இல்லை. மாற்றத்தை அவர்களே கணக்குப் பார்த்தார்கள்.

அறிந்தவரும் அறியாதவரும் ஒன்றல்ல

இங்கே நீதியோடு பேச வேண்டும். 2024 நவம்பரில் நமக்குப் பக்கத்துக் கேரளாவில், அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டே ஏழைகளுக்கான சமூகநலப் பென்ஷனையும் வாங்கிய 1,458 பேரை அம்மாநில நிதித்துறை கண்டறிந்தது. அவர்களில் கல்லூரி உதவிப் பேராசிரியர்களும் இருந்தார்கள். படிக்கத் தெரியாது என்று அவர்களால் சொல்ல முடியாது.

2020-இல் நம் தமிழ்நாட்டில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். விவசாயிகளுக்கு வருடம் 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டத்தில், தகுதியில்லாத சுமார் ஐந்தரை லட்சம் பேர் பெயர்களில் ஏறத்தாழ 110 கோடி ரூபாய் போயிருப்பதாக அரசு அறிவித்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. புரோக்கர்களும் ஒப்பந்த ஊழியர்களும் கைதானார்கள். பயனாளிகளின் கணக்குகளிலிருந்து பணம் திரும்ப எடுக்கப்பட்டது. அவர்களில் பலர் ஆதார், வங்கிப் புத்தக நகலைக் கொடுத்ததைத் தவிர வேறு எதுவும் அறியாதவர்கள். கொரோனா நிவாரணம் என்று சொல்லப்பட்டதை நம்பியவர்கள்.

இரண்டு கூட்டத்தாரும் அல்லாஹ்விடம் ஒன்றா? இல்லை. அறியாமலும் மறந்தும் செய்ததற்கு இந்த உம்மத்தைக் குற்றம் பிடிப்பதில்லை என்று நபிமொழி இருக்கிறது. ஆனால் ஃபிக்ஹு கலையில் ஒரு நுட்பம் உண்டு. அறியாமை பாவத்தை நீக்கும், பொறுப்பை நீக்காது. இருட்டில் அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டால் பாவமில்லை. விடிந்து பார்த்த பிறகும் திருப்பிக் கொடுக்காவிட்டால் அப்போது பாவம் தொடங்குகிறது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு விதி தெரியாது. அதனால் அவர் குற்றவாளி அல்ல. ஆனால் தெரிந்த நாளிலிருந்து சொல்லியாக வேண்டும், தகுதியில்லாமல் வந்ததைத் திருப்பியாக வேண்டும்.

இன்னொன்று. வாங்கியவர் மௌத்தாகிவிட்டார். மகன் ஏ.டி.எம். கார்டை வைத்துக்கொண்டு எடுத்துவருகிறான். இதில் எந்தச் சந்தேகமும் இல்லை, இது ஹராம். மரணத்துக்குப் பிறகு வந்த உதவித்தொகை அத்தா விட்டுப்போன சொத்து அல்ல. அதில் வாரிசுப் பங்கும் கிடையாது.

மகனின் சாட்சியம்

இப்போது பிள்ளைகளிடம் பேசுகிறேன். பெரும்பாலும் மனுவை நிரப்பியது யார்? இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போனது யார்? பெற்றோர் கைநாட்டு வைத்தார்கள், அவ்வளவுதான்.

அந்த மனு என்ன சொல்கிறது? இவரை ஆதரிக்க யாருமில்லை என்கிறது. வசதியுள்ள மகனே, அது உன்னைப் பற்றிய சாட்சியம்! அது உண்மையென்றால், பெற்ற தாயைக் கைவிட்டவன் என்று நீயே அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாய். அது பொய்யென்றால், வரிசையில் காத்திருக்கும் உண்மையான ஏழையின் பங்கை எடுத்திருக்கிறாய். இரண்டில் எதை நாளை மறுமையில் ஒப்புக்கொள்ளப் போகிறாய்?

வசதியுள்ள பிள்ளை ஏழைப் பெற்றோரின் செலவை ஏற்பது வாஜிபு என்பதில் உலமாக்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அரசின் உதவித்தொகையைக் காட்டி மகன் அந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது. நாட்டுச் சட்டமும் இதைச் சொல்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, கைவிடப்பட்ட பெற்றோர் தீர்ப்பாயத்தில் ஜீவனாம்சம் கேட்கலாம்.

கூலி வேலை செய்து தன் பிள்ளைகளுக்கே சோறு போடத் திணறும் மகனை நான் சொல்லவில்லை. அவனுடைய பெற்றோர் அந்த உதவியைத் தலைநிமிர்ந்து வாங்கட்டும், அது அவர்கள் ஹக்கு. மகன் வெளிநாட்டில் இருந்தும் ஒரு ரூபாய் அனுப்பாததால் வாங்குகிற தாயையும் நான் குற்றம் சொல்லவில்லை. அங்கே விசாரிக்கப்பட வேண்டியவர் அந்தத் தாய் அல்ல.

பெற்றோர் விஷயத்திலும் நீதி, நீதியிலும் கண்ணியம்

அந்நிஸா சூராவின் 135-ஆம் வசனத்தில், உங்களுக்கோ பெற்றோருக்கோ நெருங்கிய உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியில் நிலைத்து நின்று சாட்சி சொல்லும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான். பனீ இஸ்ராயீல் சூராவின் 23-ஆம் வசனத்தில் முதுமையடைந்த பெற்றோரைப் பார்த்து 'சீ' என்றுகூடச் சொல்லாதே என்கிறான். இரண்டும் ஒரே ரப்பின் கட்டளை. ஒன்றுக்காக இன்னொன்றை விட முடியாது.

பாசத்தின் பெயரால் பொய்க் காகிதம் தயாரிப்பதும் தவறு. நேர்மையின் பெயரால் "ஏன் இப்படிச் செய்தீங்க, என் மானம் போச்சு" என்று கத்துவதும் தவறு. உண்மையைச் சொல்ல அத்தா போகும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போவதுதான் வழி.

பணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னால் பிள்ளை கட்டட்டும். இரண்டு தீனார் கடனோடு இறந்தவரின் ஜனாஸாவுக்குத் தொழவைக்க நபி (ஸல்) அவர்கள் தயங்கினார்கள். அபூகதாதா (ரழி) அதைத் தாம் ஏற்ற பிறகே தொழவைத்தார்கள். பின்னர் அவரைப் பார்த்தபோது அந்தத் தீனார்கள் என்னவாயிற்று என்று விசாரித்தார்கள். அவர் கொடுத்துவிட்டேன் என்று சொன்ன பிறகே அந்த மையித்தின் உடல் குளிர்ந்ததாகக் கூறினார்கள். அபூகதாதா அவருக்கு மகனும் அல்ல. சொந்த மகன் இதில் பின்வாங்கலாமா?

விசாரிப்பவர்களும் ஊராரும்

விசாரணை என்பது தண்டனை அல்ல. கடிதம் வந்துவிட்டது என்பதாலேயே ஒருவர் திருடர் ஆகிவிட மாட்டார். பதிவேடும் தவறும். 2022-இல் ஹரியானாவில் நூறு வயதைக் கடந்த ஒரு முதியவர் இறந்துவிட்டதாகப் பதிவாகி பென்ஷன் நின்றுபோனது. அவர் மாப்பிள்ளை ஊர்வலம் போல ஊர்வலம் நடத்தி, தான் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டியிருந்தது. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் ஆயிரக்கணக்கான பெற்றோர்மீது அநியாயமாக மோசடிப் பழி விழுந்தது. அதற்குப் பொறுப்பேற்று 2021 ஜனவரியில் அந்நாட்டு அரசே ராஜினாமா செய்தது. எனவே ஜமாஅத்தார்களே, யார் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது என்று டீக்கடையில் பேசாதீர்கள். அது புறம், உண்மை இல்லாவிட்டால் அவதூறு. அரசுப் பணியில் இருக்கும் சகோதரர்களே, உங்கள் மேசைக்கு முன் நிற்பவரை உட்காரச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். உண்மையிலேயே கட்ட முடியாதவருக்கு அவகாசம் கொடுக்கும்படி அல்பகரா 280-ஆம் வசனம் சொல்கிறது.

செய்ய வேண்டியவை

இன்று வீட்டுக்குப் போனதும் பெற்றோர் பெயரில் என்னென்ன வருகிறது என்று பாருங்கள்: முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகை, பி.எம். கிசான், ரேஷன் அட்டையின் வகை. நிலைமை மாறியிருந்தால், நோட்டீஸ் வருவதற்கு முன்பே வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பி.எம். கிசானைத் தாமாக விட்டுக்கொடுக்கவும் பணத்தைத் திருப்பிச் செலுத்தவும் அதன் இணையதளத்திலேயே வழி இருக்கிறது. கடிதம் வந்துவிட்டால் ஒளியாதீர்கள், புரோக்கரைத் தேடாதீர்கள். முடித்துத் தருகிறேன் என்று அவர் கேட்பது லஞ்சம், அது இரண்டாவது ஹராம். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள். ஒரே தடவையில் கட்ட முடியாவிட்டால் தவணை கேளுங்கள். வழி தெரியாவிட்டால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100, முதியோர் உதவிக்கான 14567 ஆகிய எண்கள் இருக்கின்றன. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு.

இதனால் உண்மையிலேயே சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு வரும் குடும்பம் இருந்தால், அது ஜமாஅத்தின் பொறுப்பு. ஜகாத் அப்படிப்பட்டவர்களுக்குத்தான். உண்மை சொன்னதால் ஒரு முதியவர் பட்டினி கிடந்தார் என்ற நிலை நம் மஹல்லாவில் வரக் கூடாது.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோரின் கடைசிக் காலத்தை ஹலாலான உணவோடும் கண்ணியத்தோடும் ஆக்குவாயாக. எங்களை அவர்களின் ஆதரவாக ஆக்குவாயாக. எங்களிடம் இருக்கும் பிறர் ஹக்கை மரணத்துக்கு முன்பே திருப்பிக் கொடுக்கும் தவ்ஃபீக்கைத் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.