கார்த்திகைப் பெண்கள் வைகாசியில் எங்கே போனார்கள்?

விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் இருக்கிறது கொளஞ்சியப்பர் ஆலயம். மனக்குறையைத் தாளில் எழுதி முருகனிடம் 'பிராது' கட்டுவது இந்தத் தலத்தின் சிறப்பு.

ஒரு வைகாசி முதல் வாரத்தில் அங்கே சென்றிருந்தேன். கம்மாபுரத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, பிராதுச் சீட்டைக் கையில் வைத்தபடி கலங்கிப் போய் உட்கார்ந்திருந்தார்.

''எம் பையன் பொறந்தது கார்த்திகை நட்சத்திரம்மா. வெளியூருல வேலையில இருக்கான். தீபத்தப்போ கிழக்கே அந்த ஆறு நட்சத்திரத்தையும் பார்த்துக் கும்பிட்டேன். இப்ப நாலு நாளா மாடியில நின்னு தேடுறேன், காணோம். நெய்வேலி வெளிச்சத்துல தெரியலையோன்னு விடியக்காலையிலயும் பார்த்தேன். அவனுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?''

சகோதரிகளே, பெற்ற மனம் அப்படித்தான் பதறும். ஆனால், இதில் பயப்பட எதுவுமே இல்லை!

சிவாலயத்தில் பிராகாரம் வலம் வருகிறீர்கள். தென்மேற்கு மூலையில் பிள்ளையார் இருப்பார். அவர் முன்னே நிற்கும்போது வடகிழக்கில் இருக்கும் பைரவர் உங்களுக்குத் தெரிவாரா? மாட்டார். நடுவே கருவறை மறைக்கிறது. அதனால் பைரவர் இல்லையென்று ஆகிவிடுமா? பாதிச் சுற்று நடந்தால் தரிசனம் தருவாரே!

பூமியும் இப்படித்தான் சூரியனை வலம் வருகிறது. ஒரு சுற்றுக்கு 365 நாட்களுக்குச் சற்று அதிகம். இரவில் நாம் சூரியனுக்கு முதுகு காட்டி, வெளிப்புறம் பார்த்து நிற்கிறோம். எனவே, நாம் நிற்கும் பக்கத்து நட்சத்திரங்கள் மட்டுமே தெரியும். சூரியனுக்கு அந்தப் பக்கம் இருப்பவை பகல் வெளிச்சத்தில் மறைந்திருக்கும். நாளுக்குச் சுமார் 4 நிமிடம், மாதத்துக்கு 2 மணி நேரம் என்று ஒவ்வொரு நட்சத்திரமும் முன்னதாகவே உதிப்பது இதனால்தான்.

இதை நம் முன்னோர் பண்டிகையிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். பௌர்ணமி நிலவு சூரியனுக்கு நேர் எதிரில் நிற்கும். அதையொட்டி நிற்கும் நட்சத்திரம் அந்த மாதம் இரவு முழுவதும் தெரியும். கார்த்திகையில் கார்த்திகை, மார்கழியில் திருவாதிரை, தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம்... எந்த மாதம் எந்த நட்சத்திரம் வானில் ஆட்சி செய்கிறது என்பதற்கு நம் திருவிழாக்களே அட்டவணை!

சரி, வைகாசியில் கார்த்திகை எங்கே? 'அக்னி நட்சத்திரம்' என்று வெயிலைத் திட்டுகிறோமே, அந்தப் பெயரிலேயே பதில் இருக்கிறது. கார்த்திகைக்கு அதிதேவதை அக்னி. சித்திரைக் கடைசியிலும் வைகாசி தொடக்கத்திலும் சூரியன் இருப்பது அந்த நட்சத்திரத்தை ஒட்டித்தான். முருகனைப் பாலூட்டி வளர்த்த அந்த ஆறு தாய்மாரும் அப்போது சூரியனோடு சேர்ந்தே உதித்து, சேர்ந்தே மறைகிறார்கள். பகலெல்லாம் நம் தலைக்கு மேல்தான் இருக்கிறார்கள். நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை.

இதைச் சொன்னதும் அந்த அம்மா நிமிர்ந்தார். ''அப்ப திரும்ப வந்துடுமா?''

''ஆனி மாசம் விடியற்காலையில கிழக்கே பாருங்கம்மா. ஆடிக் கிருத்திகை சமயத்துல நடுராத்திரிக்கு மேல நல்லாவே தெரியும்.''

அவர் சந்நிதியைத் திரும்பிப் பார்த்துக் கைகூப்பினார். கொளஞ்சியப்பருக்கு அங்கே ஆறுமுகமும் வேலும் கொண்ட திருவுருவம் கிடையாது. பலிபீட வடிவில்தான் காட்சி தருகிறார். உருவம் தெரியவில்லையே என்று யாராவது பிராது கட்டாமல் திரும்புகிறார்களா?

வரும் திருக்கார்த்திகைக்கு தீபம் ஏற்றுங்கள். அன்று பௌர்ணமி ஒளியில் நட்சத்திரங்கள் மங்கியிருக்கும். நான்கைந்து நாள் கழித்து, நிலவு எழும் முன், இரவு ஏழு மணிக்குக் குழந்தைகளோடு மாடிக்குப் போய்க் கிழக்கே பாருங்கள். சிறு கொத்தாக ஆறு தாய்மாரும் நிற்பார்கள்.

தெரியும்போது வணங்குங்கள். தெரியாத மாதங்களில் நம்புங்கள். வலம் வருகிறவருக்கு எந்தச் சந்நிதியும் தப்பிப் போவதில்லை!