ஆதனத்திற்கு முன் இயமம்

யோகம் என்ற சொல்லுக்குச் சேர்தல், இணைதல் என்பது பொருள். சீவன் சிவனோடு சேர்வதற்குரிய நெறி அது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நாற்பாதங்களுள் அதனை மூன்றாவதாக வைத்துச் சைவ நூல்கள் பேசுகின்றன. ஆனால் இன்று எம்மவருள் ஒருவர் "யோகாவுக்குப் போகிறேன்" என்று சொன்னால், நாரி நோவுக்கோ சீனி வருத்தத்துக்கோ உடம்பை வளைத்துப் பழகப் போகிறார் என்றுதான் விளங்கிக்கொள்கிறோம். ஐக்கிய நாடுகள் சபை 2014இல் பிரகடனம் செய்தபடி, 2015 முதல் யூன் 21ஆம் நாள் சர்வதேச யோகா தினமாகக் கொண்டாடப்பட்டு வருகின்றது. சனசமூக நிலையத்திலும் ஆலய மண்டபத்திலும் பாய் விரித்து இப்பயிற்சி நடப்பது இப்போது புதினமான காட்சியல்ல.

நோய் தீர வேண்டும் என்பதற்காக யோகம் பழகுவது தாழ்வான நோக்கம் என்று சிலர் சொல்வார்கள். அதனை நாம் ஏற்கவேண்டியதில்லை. நோய் தீர நேர்த்தி வைத்துக் கோயிலுக்கு வருபவரை வாசலில் நிறுத்தி, "முத்திக்காக வந்தால் மட்டும் உள்ளே வா" என்று எவரும் சொல்வதில்லையே. உடம்பை இழிவென்று முன்னர் எண்ணியிருந்ததாகவும், அதனுள்ளே இறைவன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டபின் அதனைப் பேணுவதாகவும் திருமூலரே கூறுகின்றார். எனவே உடம்புக்காகப் போவது குற்றமன்று. எப்படிப்பட்ட மனத்தோடு போகிறோம் என்பதே கேள்வி.

அட்டாங்க யோகத்தில் ஆதனம் முதலாவது அங்கமன்று. இயமம், நியமம் என்ற இரண்டும் வந்த பின்னரே ஆதனம் வருகின்றது. பதஞ்சலி முனிவர் இயமத்தை ஐந்தாகவும் நியமத்தை ஐந்தாகவும் வகுத்தார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரமோ ஒவ்வொன்றையும் பத்தாக விரிக்கின்றது. கொல்லாமை, பொய்யாமை, களவின்மை, கள்ளுண்ணாமை ஆகியவற்றோடு, உள்ளதைப் பகிர்ந்து உண்பதும் அங்கே இயமமாக எண்ணப்படுகின்றது. யோகசூத்திரத்தின் 190க்கு மேற்பட்ட சூத்திரங்களுள் ஆதனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை மூன்றே என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

அப்படியாயின் கோபக்காரரும் குடிப்பழக்கம் உள்ளவரும் வகுப்புக்குப் போகக்கூடாதா? முதலில் நல்லவனாகிவிட்டுத்தான் பாயில் இருக்கவேண்டுமா? இது வேடிக்கையான கேள்வியன்று. தம் குறையை அறிந்து திருந்த விரும்பும் ஒருவர் "எனக்கு இதற்குத் தகுதியில்லை" என்று ஒதுங்கிப் போவதற்கு இந்த எண்ணமே காரணமாகிவிடலாம். ஆனால் மரபு இவ்விடயத்தில் ஒரே குரலில் பேசவில்லை. ஹடயோகப் பிரதீபிகை என்ற வடமொழி நூல் ஆசனத்தையே ஹடயோகத்தின் முதல் அங்கமாக வைக்கின்றது. ஆகவே இயமத்தைப் பள்ளிக்கூடத்து ஒன்றாம் வகுப்புப் போலக் கருதி, அதில் சித்தியடைந்த பின்னரே மேல்வகுப்பு என்று கொள்வது பொருந்தாது. இயமம் பாயிலேயே பழகப்பட வேண்டியது என்பது எனது துணிபு. சோற்றுக்கு உப்புப் போல, அது எல்லா அங்கங்களிலும் கலந்திருக்க வேண்டும்.

கொல்லாமை என்னும் அகிம்சையையே எடுத்துக்கொள்வோம். எறும்பை மிதிக்காமல் விலகி நடக்கும் அடியார் ஒருவர், பக்கத்துப் பாயில் இருப்பவர் காலை மடித்துப் பதுமாசனம் இடுவதைக் கண்டதும், நோகும் தம் முழங்காலைக் கையால் இழுத்து மடக்குகிறார். பிற உயிருக்குச் செய்யாத இம்சையைத் தம் உடம்புக்குச் செய்கிறார். யோகம் பழகப் போய் நோவோடு திரும்புகிறவர்கள் பலருக்கு நடப்பது இதுதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். "கோயிலிலே செடில் குத்திக் காவடி எடுக்கிறோம், தீ மிதிக்கிறோம். அங்கே நோவைத் தாங்குவது பக்தி, இங்கே மட்டும் குற்றமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நேர்த்தியில் அடியவர் தம் உடலை ஆண்டவனுக்குக் காணிக்கையாக ஒப்புவிக்கிறார். அது அந்த நாளோடு நிறைவேறும் கடன். யோக வகுப்பில் வரும் நோவு காணிக்கையன்று. அது "இவ்வளவு போதும்" என்று உடம்பு சொல்லும் செய்தி. ஆதனம் என்பது உறுதியாகவும் சுகமாகவும் இருக்கும் இருக்கை என்றுதான் பதஞ்சலி இலக்கணம் கூறினார். திருமந்திரம் கூறும் ஆதனங்களில் சுகாதனமும் ஒன்று. பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கும் இருக்கை, பார்ப்பதற்கு எவ்வளவு அழகாயிருந்தாலும், இன்னும் ஆதனமாகவில்லை.

அடுத்தது வாய்மை. முதல்நாள் ஆசிரியர் "யாருக்காவது வருத்தம் ஏதும் உண்டா?" என்று கேட்கும்போது எல்லோரும் மௌனமாக இருப்பதுண்டு. பலர் முன்னிலையில் சொல்ல வெட்கம், குறிப்பாகப் பெண்களுக்கு. ஆனால் பிரஷர் உள்ளவரும் குளுக்கோமா என்னும் கண்ணமுக்க நோய் உள்ளவரும் தலைகீழாக நிற்கும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். பிரஷர், இருதய நோய் உள்ளவர்கள் மூச்சை அடக்குவதும் வேகமாக வெளித்தள்ளுவதும் ஆபத்து. கர்ப்பிணிகள் வயிறு அழுந்தக் குப்புறப் படுத்தல் ஆகாது. அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர், எலும்பு தேய்ந்தவர், கழுத்து நோவு உள்ளவர் ஆகியோர் வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும். வழக்கமாக, வயிறு நிறைய உண்டு 3 அல்லது 4 மணி நேரம் கழித்தே பழகச் சொல்வர். எனினும் நீரிழிவுக்கு ஊசியோ குளிசையோ எடுப்பவர் வெறுவயிற்றில் பயிற்சி செய்தால் சீனி அளவு குறைந்து மயக்கம் வரக்கூடும். இவற்றை எல்லோர் முன்னும் சொல்லவேண்டியதில்லை, முன்னதாகவே வந்து ஆசிரியரிடம் தனியே சொல்லலாம். சொல்லாமல் மறைப்பதும் ஒருவகைப் பொய்தான்.

வாய்மை ஆசிரியருக்கும் உரியது. "மூன்று மாதம் என்னிடம் வாருங்கள், குளிசையெல்லாம் தேவைப்படாது" என்று வாக்குக் கொடுப்பவரிடம் எச்சரிக்கையாக இருத்தல் நன்று. யோகப் பயிற்சி மனத்தை அமைதிப்படுத்தும், உடலை நெகிழச் செய்யும், சிலருக்கு நாரி நோவைத் தணிக்கும். கிளினிக்கில் தந்த மருந்தை நிறுத்துவதற்கு அது அனுமதியாகாது. நிறுத்துவதா குறைப்பதா என்பது வைத்தியர் தீர்மானிக்க வேண்டியது.

களவின்மையையும் மற்றையவற்றையும் விரிக்க இங்கு இடமில்லை. ஒப்பீடு பற்றி மாத்திரம் ஒரு வார்த்தை. 1888 முதல் 1989 வரை வாழ்ந்த கிருஷ்ணமாச்சாரியார் மைசூர் அரண்மனையில் இளைஞருக்குக் கடினமான ஆசனங்களைக் கற்பித்தவர். அவரே பின்னாளில் சென்னையில், வருபவரின் வயதுக்கும் நோய்க்கும் வலுவுக்கும் ஏற்பத் தனித்தனியே பயிற்சியை அமைத்துக் கொடுத்தார். இருபது வயதுப் பிள்ளைக்கும் அறுபது வயது அம்மாவுக்கும் ஒரே அளவுகோல் இல்லை என்பதற்கு இது போதும். இந்த மண்ணிலும் கொழும்புத்துறையில் வாழ்ந்த சுவாமிகளை மக்கள் "யோகர்" என்றே அழைத்தார்கள். அவர் உடம்பை எவ்வளவு வளைத்தார் என்று பார்த்து வைத்த பெயரல்ல அது.

பிராணாயாமத்தில் மட்டும் பொறுமை மிகமிக வேண்டும். சிங்கம், யானை, புலி ஆகியவற்றைப் படிப்படியாகப் பழக்குவதுபோல மூச்சையும் மெல்ல மெல்ல வசப்படுத்த வேண்டும் என்றும், அவசரப்பட்டால் பழகுபவனுக்கே கேடு என்றும் முன்னே சொன்ன ஹடயோகப் பிரதீபிகை எச்சரிக்கின்றது. புத்தகத்தையோ கைத்தொலைபேசியையோ பார்த்துத் தனியே மூச்சடக்கிப் பார்ப்பது புதியவருக்கு உகந்ததன்று.

சேர விரும்புவோர் பெயர் கொடுக்குமுன் ஒருநாள் போய், ஆசிரியரின் அனுமதியோடு ஓரமாக இருந்து பார்க்கலாம். பிள்ளைகள் எவ்வளவு அழகாக வளைகிறார்கள் என்பதை அல்ல, குனிய முடியாமல் தடுமாறும் முதியவர் ஒருவருக்கு ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதைக் கவனியுங்கள். கதிரை ஒன்றை எடுத்துக் கொடுத்து "இதில் இருந்து செய்யுங்கள், ஐயா" என்கிறாரா, கேட்காமலே முதுகில் கைவைத்து அழுத்துகிறாரா என்று பார்த்துவிட்டுச் சேரலாம்.