ரயில் வராத நாள்

மேனாட்டு நகரம் பனியில் உறையும்போது, அங்கே அகப்பட்ட பிரயாணி அரவமற்ற வீதிகளில் குழந்தை போல் உலாவிக் களிப்பதுண்டு. நமக்கோ அந்த உபகாரத்தைக் கார்த்திகை மழைதான் செய்ய வேண்டும். 2015 டிசம்பர் முதல் வாரத்தில், சென்னை வெள்ளத்தில் ஸ்தம்பித்து, விமான நிலையம் மூடப்பட்டு, 1878 முதல் நடந்துவரும் ‘தி ஹிந்து’வின் சென்னைப் பதிப்பே 2-ஆம் தேதி வெளிவராமற்போன சமயம், திருவாலங்காட்டில் தங்க நேரிட்டது எனக்கு. தலைநகரம் தத்தளிக்கையில் ஆனந்தம் தகுமா என்று மனச்சாட்சி உறுத்தாமல் இல்லை. ஆயினும், ஊர்த்துவ தாண்டவமாடும் இரத்தின சபாபதியின் சந்நிதியில் ஜனக்கூட்டமின்றி, கைக்கடிகாரத்தைப் பாராமல், மழையின் ஒலியொன்றையே கேட்டு நிற்கும் பாக்கியம் வேறெந்த நாளில் கிட்டும்? வாகனமென்ன, காலும் வேண்டாமென்று காரைக்காலம்மையார் தலையாலேயே நடந்து வந்து சேர்ந்ததாகச் சேக்கிழார் பாடிய ஊரல்லவா இது! அரக்கோணம் பக்கத்து ரயிலைப் பற்றி விசாரித்தவர்களுக்கு, தேநீர்க் கடைக்காரர் கையை மட்டும் விரித்தார். நான் விசாரிக்கவில்லை, இன்னுமொரு தேநீர் கேட்டுக்கொண்டு, பெஞ்சியில் சற்று உள்ளே தள்ளி அமர்ந்தேன்.