எது மாறியது?

2021 நவம்பர், ஜெனீவா. 1957-ம் வருடத்து ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் குரோனோகிராஃப் என்று ஏலத்துக்கு வந்த கைக்கடிகாரம், 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்குப் போனது. வாங்கியது யார் தெரியுமா? ஒமேகாவின் மியூசியமேதான்! 2023-ல் குட்டு உடைந்தது. பல வாட்ச்களின் பாகங்களைக் கோத்து உருவாக்கியதாம். முன்னாள் ஊழியர்களின் கைவரிசை என்றது கம்பெனி.

‘பெரும்பாலும் அசல் பாகங்கள்தானே, என்ன தப்பு?’ என்கிறீர்களா? நியாயமான கேள்வி. ஓடுகிற வாட்ச்சில் ஸ்பிரிங் உடையும், முள் துருப்பிடிக்கும். மாற்றுவது பாவமில்லை சார். ‘மாற்றினேன்’ என்று சொல்லிவிட்டால் விலைதான் குறையும். மறைத்தால்? பிறந்ததிலிருந்து ஒன்றாக இருந்தோம் என்று அந்தப் பாகங்களைப் பொய்சாட்சி சொல்லவைக்கிறோம். தனித்தனியாக உண்மை, சேர்த்தால் பொய்!

ஆகவே, பழைய வாட்ச் வாங்கும்போது ‘எல்லாம் அசலா?’ என்று கேட்காதீர்கள். ‘எது மாறியது?’ என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்பவர்தான் அசல்.