வதரியில் நினைவுக்கு வந்த மங்கை

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

வடநாட்டு திவ்யதேச யாத்திரை சென்று திரும்பும் பாகவதர்கள் சிலர் சற்றே கூச்சத்தோடு ஒன்று சொல்வதுண்டு. தப்த குண்டத்தில் நீராடி, பதரி நாராயணன் திருமுன்பே நிற்கையில், ஊர்ப் பெருமாளும் அவருடைய ஸந்நிதித் தெருவும் நெஞ்சில் வந்து நின்றனவாம். ஊரில் இருந்த நாளெல்லாம் தோன்றாத வாஞ்சை, அலகநந்தையின் இரைச்சலுக்கு நடுவே தோன்றியதாம். "இத்தனை தூரம் வந்தும் ஊரையா நினைப்பது? பற்று இன்னும் அறவில்லையே" என்று தம்மையே நொந்துகொள்கிறார்கள். நமக்கும் அந்த அனுபவம் உண்டு. இது நொந்துகொள்ள வேண்டியதுதானா என்பதைத் திருமங்கையாழ்வாரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

ஆழ்வார் அவதரித்தது திருக்குறையலூர். எம்பெருமான் மணவாளக் கோலத்தில் எழுந்தருளி, வழிப்பறிக்கு வந்தவருக்குத் திருமந்திரத்தை உபதேசித்தருளிய இடமோ திருநகரிக்கு அருகிலுள்ள திருமணங்கொல்லை. ஆக, பிறந்ததும் அங்கே, ஸ்வரூபம் உணர்ந்ததும் அங்கே. பெரிய திருமொழியின் முதல் பதிகம் முழுவதும் நாராயண நாமம் கிட்டிய மகிழ்ச்சியே. அடுத்து அவர் சோழநாட்டைப் பாடினாரா என்றால், இல்லை. திருப்பிரிதிக்கும் வதரிக்கும் போய்விடுகிறார். இதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. எம்பெருமான் தானே ஆசார்யனான நாராயணனாகவும் சிஷ்யனான நரனாகவும் நின்று திருமந்திரத்தை வெளியிட்டருளிய இடம் பதரிகாச்ரமம். மந்திரத்தைத் தம் ஊர்க்கொல்லையில் பெற்றவர், அது பிறந்த இடத்தை ஸேவிக்கப் பாசுரத்தால் புறப்படுகிறார்.

வதரிக்கு இரண்டு பதிகங்கள். முதலாவது, கிழத்தனம் வந்து கோலூன்றித் தள்ளாடுவதற்கு முன்னே அங்கே போய்த் தொழுங்கள் என்று நம்மைத் துரத்துகிறது. அறுபதைக் கடந்து மூச்சு வாங்கப் படியேறுகிறவர்களுக்கு அந்தப் பாசுரங்களின் சூடு நன்றாகவே உறைக்கும். அந்தப் பதிகத்தின் பலச்ருதியில்தான் நாம் தேடுவது இருக்கிறது. வதரிப் பெருமானைப் பாடிய மாலைக்குக் கையெழுத்திடும்போது, கண்டல் வேலியாகச் சூழ்ந்த மங்கைநாட்டின் வேந்தன் என்று தம்மைச் சொல்லிக்கொள்கிறார் ஆழ்வார். கண்டல் கடலோரக் கழிகளில் வளர்வது. தாழை என்று கொள்வாரும் உண்டு. எதுவாயினும் நெய்தல் நிலத்துக்கு உரியது, பனிமலையில் முளைப்பதன்று. பதரிநாதனைப் பாடி முடிக்கும் வேளையில், உப்பங்கழி ஓரத்து வேலிச் செடி ஆழ்வாரின் திருவுள்ளத்தில் எழுந்திருக்கிறது. அதை அவர் மறைக்கவும் இல்லை, அதற்காக நாணவும் இல்லை.

அங்கிருந்து சாளக்கிராமம், நைமிசாரண்யம், சிங்கவேள்குன்றம், திருவேங்கடம், தொண்டைநாடு, நடுநாடு என்று பிரபந்தம் தெற்கு நோக்கி இறங்குகிறது. தில்லைத் திருச்சித்ரகூடத்தையும் சீகாழியையும் கடந்து மூன்றாம் பத்தில் திருவாலியை அடைந்ததும் நடை தளர்கிறது. திருவாலிக்கு அடுத்தடுத்து மூன்று பதிகங்கள். பிறகு திருநாங்கூரின் 11 திருப்பதிகளுக்கும் ஒன்றுவிடாமல், இடையில் வேறோர் ஊர் புகாமல், 11 பதிகங்கள். வதரிக்கு 2, சொந்த மண்ணுக்குத் தொடர்ச்சியாக 14! கணக்கெழுதிப் பழகிய நம் கண்ணுக்கு இந்த எண்ணிக்கை தப்பவில்லை. அந்தப் பாசுரங்கள் பலவற்றில் முன்பாதி எம்பெருமானின் சேஷ்டிதம் என்றால், பின்பாதி நாங்கூரின் வயலும் சோலையும் மறையோர் வேள்வியுமாக இருக்கும். ஊரை வாயாரச் சொல்ல அவருக்கு அலுக்கவே இல்லை.

நாங்கூர்ப் பதிகங்களில் முதலாவது மணிமாடக்கோயிலுக்கு உரியது. அங்கே எழுந்தருளியிருப்பவன் நாராயணன். பதரி நாராயணனே இங்கு எழுந்தருளியிருக்கிறான் என்பது ஸ்தலபுராண மரபு. அவ்வாறே வண்புருடோத்தமத்தில் அயோத்திப் பெருமான், திருவெள்ளக்குளத்தில் திருவேங்கடமுடையான் என்பர். எந்தப் பெருமானை ஸேவிக்க இமயம் வரை சென்றாரோ, அவன் தம் வீட்டுக்கு நடைதூரத்தில் காத்திருப்பதை ஆழ்வார் காண்கிறார். வதரியைப் பாடிய வாய்க்கு மணிமாடக்கோயிலின் சுவை எப்படி இருந்திருக்கும்!

சக்கரவர்த்தித் திருமகனும் ராஜ்யத்தை முகம் வாடாமல் துறந்தவன்தான். ஆயினும் கோசல நாட்டின் எல்லையில், அயோத்தி இருந்த திசை நோக்கிக் கைகூப்பி விடைபெற்றான் என்கிறார் வால்மீகி. ஸரயூவின் பூஞ்சோலைகளுக்கு மீண்டும் என்று வருவேனோ என்று ஏங்கவும் செய்தான். ராஜ்யம் விட்டது, ஊர் விடவில்லை. "என் வீடு, என் நிலம்" என்கிற மமகாரத்தைத்தான் பூர்வர்கள் கடிந்தார்கள். எம்பெருமான் உகந்தருளின நிலம் என்று ஊரின்மேல் வைக்கும் பிரேமம் அந்தக் கணக்கில் சேராது. கடல்கடந்து வாழும் நம்மவர்களுக்கு, எங்கோ ஒரு பனிநாட்டில் திருவாராதனம் செய்கையில் ஊர்ப் பெருமாளின் புறப்பாடு கண்ணில் நிறைந்தால், அதைக் கவனச் சிதறல் என்று தள்ள வேண்டாம்.

தை அமாவாசைக்கு மறுநாள் இரவு 11 பெருமாள்களும் கருடாரூடராய் மணிமாடக்கோயிலில் ஒருசேர ஸேவை ஸாதிக்கிறார்கள். குமுதவல்லி நாச்சியாரோடு ஹம்ஸ வாகனத்தில் எழுந்தருளி, ஒவ்வொரு பெருமாளையும் ஆழ்வார் மங்களாசாஸனம் செய்கிறார். அந்தத் தை மாதத்தில் பதரியில் நடை சாத்தியிருக்கும், கோயிலைப் பனி மூடியிருக்கும். நாங்கூர் வீதியில் பதரி நாராயணன் கருடன்மேல் புறப்பட்டு வந்துகொண்டிருப்பான்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.